டிராஸ்க் பாலத்தின் எடைப் பலகை

எல்க் ஆற்றின் பழைய பாலத்துக்கு ஹைரம் டிராஸ்க் பாலம் என்று பெயர். டிராஸ்க் எங்கள் தொகுதியிலிருந்து வாஷிங்டனுக்குப் போன முதல் பிரதிநிதி. வடக்கே இருந்த பைன் காட்டை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் காசாக்கினார். வெட்ட மரம் தீர்ந்ததும் மக்கள் சேவையில் இறங்கினார். சபையில் அவர் வாயைத் திறந்தது ஒரே தடவை, அதுவும் ஜன்னலைச் சாத்தச் சொல்லி என்பார்கள் எங்கள் ஊரில். பாலத்தை அவர் கட்டவில்லை. அவர் செத்துப் பல வருஷம் கழித்து இரண்டு கரைக்காரர்களும் சேர்ந்து கட்டினார்கள். டிராஸ்க் குடும்பம் வெண்கலத்தில் ஒரு பலகை செய்து கொடுத்தது: முகம், மீசை, கீழே ‘மக்களின் தோழர்’. கடைசியில் அந்தப் பாலத்தில் துருப்பிடிக்காத பாகம் அது ஒன்றுதான்.

அந்த வருஷம் மார்ச்சில் ஆற்றுப் பனி உடைந்து ஓடியபோது நடுத்தூணில் விரிசல் விட்டது. பரிசோதகர் படகில் போய்ப் பார்த்தார், சுத்தியலால் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். மறுநாள் டிராஸ்க்கின் மீசைக்கு நேர்கீழே இன்னொரு பலகை தொங்கியது. கார் போகலாம், சிறு வண்டி போகலாம். அதற்கு மேல் கனமான எதுவும் போகக்கூடாது.

என் வண்டி அதற்கு மேல் கனமானது, காலியாக இருக்கும்போதே.

நான் பால் லாரி ஓட்டுகிறவன். ஒருநாள் விட்டு ஒருநாள் பண்ணை பண்ணையாகப் போய், குளிர்தொட்டியில் கிடக்கும் பாலைக் குழாய்வழி இழுத்துக்கொண்டு, கிழக்குக் கரையில் உள்ள சீஸ் ஆலையில் ஊற்றுவது வேலை. மேற்குக் கரையில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தொழுவம் இருந்தது. ஒவ்வொருவராக மாட்டை விற்றுவிட்டுச் சோளம் போட்டார்கள், அப்புறம் சோளத்தையும் குத்தகைக்கு விட்டுவிட்டு அரிசோனாவுக்குப் போய் வெயில் காய்ந்தார்கள். இப்போது அந்தக் கரையில் பால் கறக்கும் வீடு ட்வேடன் வீடு ஒன்றுதான். லாயல் ட்வேடன், அவர் மனைவி ஆர்டிஸ், மகள் ஜோலீன். அந்த ஒரு வீட்டுக்காக நான் தொலைவில் உள்ள இன்னொரு பாலத்தில் ஆற்றைக் கடந்து, மேட்டுச் சாலையில் ஏறி, குன்றைச் சுற்றி, ஜல்லிப் பாதையில் இறங்கிப் போகவேண்டியதாயிற்று. கோடையில் அது வெறும் சுற்று. பனி விழுந்துவிட்டால் நிறைந்த டாங்கரோடு அந்த இறக்கத்தில் இறங்குவது தற்கொலை.

ஆலை மேலாளர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கெட்ட செய்தி சொல்லும்போது உங்கள் தோளைப் பார்த்துப் பேசுவார்கள்.

“முதல் பனி விழுற வரைக்கும் போ, ரூடி. அதுக்கப்புறம் என்னால அனுப்ப முடியாது. அவங்ககிட்ட நீயே பக்குவமா சொல்லிடு.”

பக்குவமாகச் சொன்னேன். லாயல் தொப்பியைக் கழற்றினார், உள்ளே ஏதோ எழுதியிருப்பது போலப் பார்த்தார், திரும்பவும் போட்டுக்கொண்டார். லாயல் பேசினால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து பார்க்கும், அவ்வளவு அபூர்வம். ஆர்டிஸ்தான் கேட்டாள்: “காபி குடிச்சிட்டுப் போறியா?”

லாரி வராவிட்டால் பாலைக் கொட்ட வேண்டும். எத்தனை நாள் கொட்ட முடியும்? மாடுகள் ஏலத்துக்குப் போகும். ஜோலீன் மில்வாக்கி நகரத்தில் ஒரு நல்ல வேலையை உதறிவிட்டு, இனிமேல் தொழுவம் என்னுடையது என்று வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவளுடைய பழைய முதலாளி நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். மாடு போனால் அவளும் போய்விடுவாள். இது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததை வாய்விட்டுச் சொல்வது அநாகரிகம்.

ஜோலீன் பள்ளியில் தொகுதி வரலாறு எழுதிப் பரிசு வாங்கினவள். அந்தப் படிப்பு வீண்போகவில்லை, மாடுகளுக்குப் பழைய பிரதிநிதிகளின் பெயரை வைத்திருந்தாள். டிராஸ்க் என்ற பசு நிறையத் தின்னும், கொஞ்சம் கறக்கும், கறக்கும்போது உதைக்கும். ஹெக்டால் என்ற பசுவின் பாலில் வெண்ணெய் அதிகம். அசல் ஹெக்டால் வாஷிங்டனில், எங்கள் மாநிலம் தடைசெய்திருந்த போலி வெண்ணெயான மார்கரினுக்கு எதிராக மேசையைக் குத்திப் பேசியவர். அவர் குத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மனைவி மாநில எல்லையைத் தாண்டிப் போய்க் கார் சீட்டுக்கு அடியில் மார்கரின் கட்டிகளை ஒளித்துக்கொண்டு வந்தாள் என்பதும் வரலாறுதான், பரிசுக் கட்டுரையில் வராத வரலாறு. கிழட்டுப் பசு ப்ரூக்மன் தொழுவ வாசலில் நின்றுவிடும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது, பின்னால் வருகிறவர்களையும் விடாது.

அசல் ப்ரூக்மனும் ஏறக்குறைய நாற்பது வருஷம் அப்படித்தான் நின்றார். ஆனால் அவரிடம் ஒரு குணம் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

யாராவது எதையாவது கொடுக்க வந்தால் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவை வேண்டாம் என்பது வளர்ப்பு. மூன்றாம் தடவை கேட்டால் வாங்கிக்கொள்ளலாம். கேட்காவிட்டால் வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போய், அவர்களைப் பற்றி ஒரு தலைமுறைக்குப் பேசலாம். நார்வேயிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த வழக்கம் என்கிறார்கள். ஜெர்மானியர்களும் வந்த மறுவாரமே பிடித்துக்கொண்டார்கள். ப்ரூக்மனுக்கு இது ரத்தத்தில் இருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும், உங்களுக்கு என்ன செய்யட்டும் என்று மூன்று முறை கேட்பார். மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் ஒன்றும் செய்யாமல் இருப்பார். மக்கள் மனநிறைவோடு வாக்களித்தார்கள்.

பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. வாஷிங்டன் சபையில் எங்கள் மாநிலத்துக்கு ஒரு இடம் குறைந்தது. மாநிலத் தலைநகரத்தில் நாலு பேர் வரைபடத்தை மேசையில் விரித்து, எங்கள் தொகுதியைச் சேற்றில் சிக்கிய பூட்ஸை உருவுவது போல இழுத்து, அதன் நுனியைக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழக நகரத்தில் செருகினார்கள். எல்க் ஆறு எல்லையாயிற்று. மேற்குக் கரை ஒரு தொகுதி, கிழக்குக் கரை இன்னொரு தொகுதி. பாலத்தின் பாதியில் நின்று தும்மினால் இரண்டு பிரதிநிதிகள் வாழ்த்தவேண்டும். ப்ரூக்மன் புது வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றார். மேற்குக் கரைத் தொகுதிக்கு நகரத்து முனையிலிருந்து மார்சியா ஹோலப் என்ற வக்கீலம்மாள் ஜெயித்து வந்தாள்.

ஹோலப் சுறுசுறுப்பானவள், அது ஆரம்பத்திலிருந்தே எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. ஏப்ரல் சேற்றில், டெவன் என்ற உதவியாளனைக் கூட்டிக்கொண்டு, ட்வேடன் வீட்டுக்கே வந்துவிட்டாள். டெவன் பாஸ்டன் பக்கத்துப் பையன். அவன் காலில் போட்டிருந்தது காலணியா பரிசுப்பொருளா என்று சொல்லமுடியாது. தொட்டிப் பால் குழாய்வழி லாரியில் ஏறிக்கொண்டிருக்க, நான் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஜோலீன் சினைமாடு பார்க்க வயலுக்குப் போயிருந்தாள். அவள் மட்டும் வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஹோலப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நேராகக் கேட்டாள். “அந்தப் பாலத்தால உங்களுக்குக் கஷ்டமாமே. நான் அதுல இறங்கட்டுமா?”

ஆர்டிஸ் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். “எங்களுக்கென்ன கஷ்டம். நல்லாத்தான் இருக்கோம். தெற்க வெள்ளத்துல வீடே போனவங்க இருக்காங்க, பாவம்.”

“இல்ல, பால் லாரி சுத்திப் போகுதுன்னு சொன்னாங்க. என்னால முடிஞ்சதைச் செய்யறேன்.”

“அதெல்லாம் இருக்கட்டுங்க. உங்களுக்கு ஆயிரம் வேலை.”

நான் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். லாயல் காத்திருந்தார். அடுப்பில் தண்ணீர்கூடக் கொதிப்பதை நிறுத்திக் காத்திருந்தது என்றுதான் தோன்றியது. ஹோலப் எழுந்தாள்.

“ரொம்ப சந்தோஷம். இப்படி மனோதிடம் உள்ளவங்களப் பார்க்கிறப்ப எனக்கே தெம்பா இருக்கு,” என்று ஆர்டிஸின் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

கார் சேற்றைப் பீச்சிக்கொண்டு போவதை ஆர்டிஸ் ஜன்னலில் நின்று பார்த்தாள். “போயிட்டாளே,” என்றாள்.

“திரும்பி வருவா,” என்றேன், நம்பிக்கை இல்லாமல்.

வரவில்லை. அடுத்த வாரம் மாலைக் கறவை நேரத்தில் தொழுவத்து ரேடியோவில் அவள் குரல் வந்தது. ஜோலீன் ஹெக்டாலின் மடியைத் துடைத்து, காம்புகளை மருந்தில் முக்கி, கறவைக் குழாய்களை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். மேற்குக் கரை மக்களை நேரில் சந்தித்தேன் என்றாள் ரேடியோ ஹோலப். பாலம் பற்றி அவர்களே என்னிடம் சொன்னார்கள், சமாளித்துக்கொள்கிறோம் என்று. அந்த மனவலிமை நம் எல்லாருக்கும் பாடம்.

ஜோலீன் நிமிர்ந்தாள். “யார் சொன்னது?”

நான் டிராஸ்க்கின் வாலை ஆராய்ந்தேன்.

“ரூடி. யார் சொன்னது?”

“உங்கம்மா ரெண்டு தடவ வேண்டாம்னா. அந்தம்மா மூணாவது கேக்கல.”

ஜோலீன் ரேடியோவை நிறுத்தினாள். அதன் பிறகு மாடுகள் அசைபோடும் சத்தமும் எந்திரத்தின் டக் டக்கும் மட்டும்தான். மிச்ச மாடுகளையும் கறந்தாள். முடிந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனாள். அந்த வீட்டில் அது போர்ப் பிரகடனம்.

“வீட்டுக்கு வந்து கேட்டிருக்கா. வாசல் தேடி வந்து. நீ வேண்டாம்னிருக்க.”

“வேண்டாம்னு நான் எங்கடி சொன்னேன். இருக்கட்டும்னேன்.”

“அம்மா, அவ நகரத்துக்காரி. இருக்கட்டும்னா அவளுக்கு இருக்கட்டும்தான்.”

“ஒரு தடவ கேட்டதும் கையை நீட்டுறதா? எங்கம்மா பாத்தா என்ன நினைப்பா?”

“உங்கம்மா செத்து இருபது வருஷமாச்சு. மாடு உசிரோட இருக்கு.”

ஆர்டிஸ் அடுப்புப் பக்கம் திரும்பினாள். உருளைக்கிழங்கை மசிக்கத் தொடங்கினாள். தேவைக்கு மேல் நேரம் மசித்தாள். அன்றைக்கு அந்த வீட்டு உருளைக்கிழங்கைக் குழந்தைகூடக் குழாயில் குடித்திருக்கலாம்.

மறுநாள் ஜோலீன் பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். டெவன் எடுத்தான். பாலத்தின் கிழக்குப் பாதி அடுத்த தொகுதியில் இருப்பதாகவும், அங்கே முதலில் கேட்பது பொருத்தம் என்றும் சொன்னான். “தவிர, நேர்ல கேட்டப்ப உங்கம்மாவே வேண்டாம்னாங்களே,” என்றான். அடுத்த தொகுதிக்காரரின் அலுவலகத்தில் ஒரு பெண், மேற்குப் பாதி எங்களுடையதில்லை, உங்கள் கரைப் பிரதிநிதி கேட்டால் யோசிக்கலாம், அவர் கேட்கவில்லை என்றாள். இப்படியாக அந்தப் பாலத்தின் இரண்டு பாதிகளுக்கும் பொறுப்பானவர்கள் இருந்தார்கள். பாலத்துக்குத்தான் யாரும் இல்லை. இதற்கிடையில் நகரத்து முனையில் சைக்கிள் ஓட்ட ஒரு தனிப்பாதை வந்துவிட்டது. அவர்கள் முதல் தடவையே ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கோடை வந்தது, புல் அறுத்தார்கள், கட்டினார்கள், பரணில் ஏற்றினார்கள். அந்த வருஷம் புல் அமோகமாக விளைந்தது, எகத்தாளம் செய்வது போல. தின்ன மாடு இருக்குமா என்று தெரியாமலே பரண் முட்ட அடுக்கினார்கள். லாயல் மேலே நின்று கட்டுகளை வாங்கும்போது நான் கீழே நின்று ஒரு கை கொடுத்தேன்.

“பேசாம நீங்களாவது சொல்லக்கூடாதா, லாயல்?”

அவர் ஒரு கட்டை முழங்காலால் நெட்டி இடத்தில் உட்காரவைத்தார். “என்னை யாரும் கேக்கல,” என்றார்.

செப்டம்பரில் மேப்பிள் சிவந்தது. சோளம் காய்ந்து சரசரத்தது. காலையில் லாரிக் கண்ணாடியில் பனிப்படலத்தைச் சுரண்டும்போதெல்லாம் மேட்டுச் சாலை நினைப்பு வரும். ஏலக்காரர் ஒருநாள் சும்மா அந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்து, தொழுவத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். ஏலக்காரர் சும்மா வருவதும் பருந்து சும்மா வட்டமிடுவதும் ஒன்றுதான். அன்றைக்கு ஜோலீன் கிழட்டு ப்ரூக்மனின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“வாசனை பிடிக்கிறேன். மில்வாக்கியில கிடைக்காது,” என்றாள்.

அக்டோபரில் தேவாலயத்து மீன் விருந்து. எங்கள் தொகுதியின் அரசியல் சாசனம் என்று ஒன்று இருந்தால் அது அந்த நிலவறைக் கூடத்தில், அந்த நீள மேசைகளில்தான் இருக்கிறது. காய்ந்த காட் மீனைக் காரநீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, அது மீன் என்ற ஞாபகத்தையே மறந்த பிறகு வேகவைத்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றித் தருவார்கள். லூட்டஃபிஸ்க். தட்டில் நடுங்கும். எங்களில் பாதிப் பேருக்கு அது பிடிக்காது; அந்தப் பாதி யார் என்று யாரும் ஒப்புக்கொண்டதில்லை. பதவிக்கு வருகிறவர் யாரானாலும் இங்கே வந்து இதைத் தின்றாகவேண்டும். ஒருவர் துண்டைச் சட்டைப்பையில் ஒளித்தார். வெண்ணெய் கசிந்து காட்டிக்கொடுத்தது, அடுத்த தேர்தலில் தோற்றார். ப்ரூக்மன் ஆண்டுதோறும் இரண்டாம் தட்டு வாங்கினார். அவர் மற்ற எதற்காகவும் இல்லாவிட்டாலும் அதற்காகவே சொர்க்கத்துக்குப் போவார்.

விருந்துக்குக் கிளம்பும்போது ஜோலீன் அம்மாவிடம் சொன்னாளாம்: “இன்னிக்கு நான் எல்லார் முன்னாலயும் எந்திரிச்சுக் கேக்கப்போறேன். கத்தித்தான் கேப்பேன்.”

“சாப்பிடுற எடத்துல வேண்டாம்டி.”

“வேற எங்க? பனி விழுந்தப்புறம் ஏலத்துலயா?”

ஆர்டிஸ் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாளாம்: “கேட்டு வாங்குறது எனக்கு வரலடி. வந்தா செய்யமாட்டேனா?” ஜோலீன் இதைப் பின்னால் என்னிடம் சொன்னபோது அவளுடைய குரலில் கோபம் இல்லை. அம்மா அப்படி ஒரு வாக்கியம் பேசி அவள் கேட்டதே இல்லையாம்.

ஹோலப் வந்தாள். கூடவே டெவன், இந்தத் தடவை ரப்பர் பூட்ஸில். எங்கள் மண் யாரையும் திருத்தும். அவர்களை நடு மேசையில் உட்காரவைத்தார்கள். எனக்கு எதிர்ப்பக்கம். ஹோலப் மீனை வாயில் போட்டாள். கூடமே அவள் தொண்டையைப் பார்த்தது. விழுங்கினாள். இன்னொரு வாய். கண்ணில் நீர் தளும்பியது, ஆனால் தட்டைக் காலி செய்தாள். பக்கத்து மேசையில் ஒருவர், “பரவால்ல, முதுகெலும்பு இருக்கு,” என்றார். மீனைச் சொல்லவில்லை.

டெவன் தன் துண்டை உருளைக்கிழங்குக்கு அடியில் புதைத்துக்கொண்டிருந்தான்.

பரிமாறும் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஜோலீன் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரத் துணியை முறுக்கிக்கொண்டே இந்தப் பக்கம் வர ஆரம்பித்ததை நான் பார்த்தேன். லாயலும் பார்த்தார். எழுந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “இரு,” என்றார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆர்டிஸ் தான் சுட்ட ‘பை’ பலகாரத்தோடு வந்தாள். புளிப்புப் பாலாடையும் உலர்திராட்சையும் வைத்து அவள் சுடும் பை. அந்த மீனைத் தின்றதற்கு ஆண்டவன் தரும் நஷ்டஈடு.

“ஒரு துண்டு பை வைக்கட்டுமா?”

“ஐயோ வேண்டாங்க. வயிறு நிறைஞ்சிடுச்சு,” என்றாள் ஹோலப். கண் மட்டும் பையின் மேல் இருந்தது.

“சூடா இருக்கு. இப்பத்தான் எடுத்தேன்.”

“இல்லங்க, கிளம்பணும். அடுத்த ஊர்ல கூட்டம் இருக்கு.”

“ஒரு ஓரமா, கொஞ்சூண்டு?” என்று கேட்டுக்கொண்டே ஆர்டிஸ் கரண்டியை உள்ளே விட்டாயிற்று.

ஹோலப் சிரித்துவிட்டாள். “சரி. கொஞ்சூண்டு.”

கொஞ்சூண்டு என்பது கால்வாசிப் பை. அவள் ஒரு வாய் தின்றாள், பேச்சை நிறுத்தினாள், இன்னொரு வாய் தின்றாள். மீனால் வெளுத்துப்போன முகத்தில் ரத்தம் திரும்பியது. தட்டில் நொறுங்கிய துகளையும் முட்கரண்டியால் ஒற்றி எடுத்தாள்.

“உண்மையைச் சொல்லட்டுமா?” என்றாள். “நீங்க கதவைத் தாண்டி வர்றப்பவே எனக்கு வேணும்னு இருந்துச்சு. நான்தான் வேண்டாம்னேனே, அப்புறமும் எப்படிக் கேட்டீங்க?”

ஆர்டிஸ் அவளை வியப்போடு பார்த்தாள். மழை ஏன் கீழே பெய்கிறது என்று யாரோ கேட்டது போல.

“நீங்க ரெண்டு தடவதானே வேண்டாம்னீங்க.”

முட்கரண்டி தட்டுக்கு மேல் நின்றது. ஹோலப் வக்கீல், சாட்சி சொன்ன ஒரு வார்த்தை எங்கே போய் ஒட்டுகிறது என்று தேடும் புத்தி அவளுக்கு இருந்தது. அது ஏப்ரலுக்குப் போய், சேற்றைக் கடந்து, ட்வேடன் வீட்டுச் சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதை நான் எதிரிலிருந்து பார்த்தேன். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. சுற்றிலும் இருந்தவர்கள் திடீரென்று தங்கள் காபியைக் கலக்குவதில் மும்முரமானார்கள்.

“ஆர்டிஸ்,” என்றாள் மெதுவாக. “அந்தப் பாலம். உங்க வீட்டுக்கு வந்தப்ப ரெண்டு தடவ கேட்டேன், இல்லையா?”

“வந்ததே பெரிசுங்க.”

“இப்ப மூணாவது தடவ கேக்கிறேன். அதுக்கு நான் ஏதாவது செய்யட்டுமா?”

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. ஆர்டிஸ் பைத்தட்டை மேசையில் வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அங்கே மகளும் புருஷனும் நின்றார்கள், மகளின் கையில் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா,” என்றாள்.

ஹோலப் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்வதற்குள் ஜன்னலுக்கு அந்தப்பக்கமிருந்து ஜோலீனின் குரல் வந்தது.

“அது ஆமாங்க. அதைவிடப் பெரிய ஆமா இந்த ஊர்ல கிடையாது.”

முதலில் சிரித்தது ஆர்டிஸ்தான். அப்புறம் கூடமே சிரித்தது. லாயல்கூடச் சிரித்தார் என்கிறார்கள். நான் பார்க்கவில்லை என்பதால் நம்பவில்லை. பனி விழுந்தால் என்ன ஆகும், ஏலக்காரர் வந்துபோனது எல்லாவற்றையும் ஜோலீன் ஈரக்கையோடு வந்து உட்கார்ந்து சொன்னாள். ஹோலப் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போகவில்லை. டெவன் புதைத்த மீனை ஆர்டிஸ் கண்டுபிடித்து, சரியாக வேகவில்லையோ என்று வருத்தப்பட்டு, அவனுக்குப் புதிதாக ஒரு துண்டு கொண்டுவந்து வைத்தாள்.

பிறகு நடந்ததை டெவனே என்னிடம் சொன்னான், மனம் திறந்து, லாரிப் படியில் உட்கார்ந்துகொண்டு. மறுநாள் காலை ஹோலப் அடுத்த தொகுதிக்காரருக்குப் போன் செய்திருக்கிறாள். எதிர்க்கட்சி, வயதானவர், முழு நார்வேக்காரர். மாநிலக் கிடங்கில் வெள்ளத்துக்கென்று ஒரு தற்காலிக இரும்புப் பாலம் தூங்குகிறது, நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் வந்துவிடும் என்றாளாம். இப்போது சாத்தியமில்லை என்றாராம் அவர். திரும்பக் கேட்டாளாம். நிதியாண்டு அப்படி, நிலைமை இப்படி என்றாராம். டெவன் போனை வைக்கச் சொல்லிக் கையை ஆட்டியிருக்கிறான். அவள் அவனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு மூன்றாவது முறை கேட்டாளாம்.

“அவர் என்ன சொன்னார் தெரியுமா?” என்றான் டெவன். “‘சிரமம் இல்லேன்னா நானும் கையெழுத்துப் போடறேன்’னார். கையெழுத்துப் போடப்போறவர் அவர். அதுல எங்களுக்கு என்ன சிரமம்னு எனக்கு இன்னும் புரியல.”

“புரியவேண்டாம், தம்பி. தேர்தல்ல நில்லு,” என்றேன்.

நவம்பரில் பாலம் துண்டு துண்டாக வந்தது. பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கோத்து, கரையிலிருந்து கரைக்குத் தள்ளினார்கள். ஆர்டிஸ் ஒவ்வொரு நாளும் ஆட்களுக்குக் காபியும் ரொட்டியும் கொண்டுபோனாள். வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிப் பட்டினி கிடந்த வெளியூர்க்காரன் எவனும் இல்லை. கடைசித் திருகாணியை முடுக்கும்போது வானம் ஈயம் போல இறங்கிவிட்டது. நான் ட்வேடன் வீட்டுப் பாலை ஏற்றிக்கொண்டு வருவதற்குள் முதல் பனி விழ ஆரம்பித்தது, பெரிய பெரிய செதிலாக, அவசரமே இல்லாமல். இரும்புப் பலகைகள் சக்கரத்துக்கு அடியில் தடதடவென்று முழங்கின. நடு ஆற்றில் வந்தபோது எதற்கென்று தெரியாமல் ஹார்ன் அடித்தேன். பின்னால் மேற்குக் கரையில் ஜோலீன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மில்வாக்கி நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்களாம். பிப்ரவரியில் ஹெக்டால் ஒரு கிடாரி போட்டது. அதற்கு ஹோலப் என்று பெயர். எதையும் ஒரு தடவைக்கு மூன்று தடவை முட்டிப் பார்க்கும்.

அடுத்த கோடையில் அசல் பாலம் வந்தது, புதிய தூண், புதிய சாலை. பழைய பாலத்தை இடித்து, டிராஸ்க்கின் வெண்கலத்தை வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அவர்கள் அதைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். செத்த பிறகுதான் அந்த மனிதர் பொதுமக்களுக்கு உபயோகமானார்.

திறப்பு நாளில் இரண்டு பிரதிநிதிகளும் வந்தார்கள், ஆளுக்கு ஒரு கரையில் நின்றார்கள். ரிப்பனை நடுவில் வெட்டினார்கள். பிரதிநிதி என்றால் எதற்காவது பெயர் வைத்தாக வேண்டும். அந்த வியாதி ஹோலப்புக்கும் இருந்தது. ஒலிபெருக்கியில் சொன்னாள்: “இந்தப் பாலத்துக்கு ஆர்டிஸ் ட்வேடன் பாலம்னு பெயர் வைக்கலாம்னு நினைக்கிறேன். ஆர்டிஸ், சரிதானே?”

“வேண்டாங்க,” என்றாள் ஆர்டிஸ் கூட்டத்திலிருந்து.

கூட்டம் காத்திருந்தது. ஹோலப் இப்போது எங்களில் ஒருத்தி. “இல்ல ஆர்டிஸ், உங்களுக்குத்தான் பொருத்தம்.”

“அய்யய்ய, வேண்டாங்க.”

ஹோலப் சிரித்துக்கொண்டே மூன்றாவது தடவைக்கு மூச்சு இழுத்தாள். அதற்குள் லாயல் தொப்பியைக் கழற்றினார். ஊரே அவர் பக்கம் திரும்பியது.

“இந்த வேண்டாம் வேற,” என்றார். “இது நெசமான வேண்டாம்.”

முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவருக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். ஹோலப் ஒலிபெருக்கியை இறக்கினாள். ஆர்டிஸ் புருஷனைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் எழுதுவதாக இல்லை.

ஆகவே பாலத்துக்குப் பெயர் இல்லை. இரண்டு முனையிலும் பச்சையாக ஒரு சின்னத் தகடு மட்டும் இருக்கிறது, எவ்வளவு எடையைத் தாங்கும் என்று எழுதியிருக்கிறது. என் லாரி நிறைந்து போனாலும் அதற்குக் குறைவுதான். ஒவ்வொரு தடவையும் மெதுவாக்கி அதைப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். எங்கள் தொகுதியில் பிரதிநிதிகள் வைத்த பலகைகளில் எழுதியபடியே நடந்துகொள்வது அது ஒன்றுதான்.